என்ட்ரோபி: ஒழுங்கும் வாய்ப்பும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வாழ்த்துரைகளும் நினைவுரைகளும் நிறைந்த வெள்ளி விழா மேடையில், இயற்பியல் நூலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பைத் தரலாம். அதற்குக் காரணம் உண்டு. "உலகில் எல்லாமே ஒழுங்கு குலைந்துகொண்டுதான் போகும், இது அறிவியல் விதி" என்று படித்தவர்களே பேசக் கேட்கிறோம். அதே மூச்சில், "அந்தக் காலத்தில் ஊரில் ஓர் ஒழுங்கு இருந்தது, இன்று யார் எங்கே இருக்க வேண்டும் என்ற வரைமுறையே போய்விட்டது" என்று அவர்கள் முடிப்பதையும் கேட்கிறோம். அவர்கள் துணைக்கு அழைக்கும் விதிக்கு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று பெயர். அந்த விதியின் நடுவில் நிற்கும் அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். அந்த விதி உண்மையில் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நம் பிள்ளைகள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அறியாதவனிடம் அறிவியலின் பெயரால் எதையும் விற்றுவிடலாம்.

இப்பகுதியில் தீப்பெட்டித் தொழிலை அறியாத வீடு குறைவு. ஒரு தீக்குச்சியை உரசுகிறோம். அது எரிந்து கரியாகிறது. குச்சிக்குள் இருந்த ஆற்றல் அழிந்துவிடவில்லை, வெப்பமாக அறைக்காற்றில் பரவிவிட்டது. ஆற்றல் அழியாது என்பது முதல் விதி. அப்படியானால் காற்றில் பரவிய அந்த வெப்பம் தானாகவே திரண்டு வந்து, கரிக்கட்டையை மறுபடி குச்சியாக்கி, பெட்டிக்குள் வைக்குமா? முதல் விதியின்படி அதற்குத் தடையே இல்லை. ஆனால் அப்படி நடப்பதில்லை. நம் பூச்சந்தையிலிருந்து ஒரு பிச்சிப்பூக் கூடையைப் பேருந்தின் பின் இருக்கையில் ஏற்றினால், சற்று நேரத்தில் ஓட்டுநர் வரைக்கும் மணம் போய்ச் சேருகிறது. பரவிய மணம் கூடைக்குத் திரும்பிவர யாரும் கண்டதில்லை.

இந்த ஒருவழிப் போக்கை முதலில் ஆராய்ந்தவர்கள் தத்துவவாதிகள் அல்லர். நீராவி எந்திரத்தில் கரி வீணாவதைக் கண்டு கவலைப்பட்டவர்கள். பிரெஞ்சுப் பொறியாளரான சாதி கார்னோ 1824-இல் ஒரு சிறு நூல் எழுதினார். (அவர் முதற்பெயர் நம் காதில் வேறு விதமாக விழும், பாரசீகக் கவிஞர் ஒருவர் நினைவாக வைத்த பெயர் அது.) எவ்வளவு திறமையாகக் கட்டினாலும், வெப்ப எந்திரம் தான் பெறும் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது, ஒரு பங்கைக் குளிர்ந்த இடத்தில் கொட்டியே ஆகவேண்டும் என்பதற்கு அந்நூல் வழி திறந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் 1979-இல் முதல் அலகைத் தொடங்கிய அனல் மின் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். அத்தகைய நிலையங்களில் நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எஞ்சியது குளிர்விக்கும் நீரோடும் புகைபோக்கி வழியாகவும் வெளியேறுகிறது. இதில் பொறியாளரின் குறை சிறிதளவே. பெரும்பகுதி இயற்கை விதிக்கும் வரி. அந்த வரியைக் கணக்கிட உதவும் அளவுக்கு ஜெர்மானியரான கிளாசியஸ் 1865-இல் என்ட்ரோபி என்று பெயரிட்டார். தமிழில் சிலர் 'சிதறம்' என்றும் எழுதுகின்றனர். அச்சொல் கேட்ட மாத்திரத்தில் அழிவை நினைவூட்டுவதால் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே நம் பாடநூல்களில் உள்ள என்ட்ரோபி என்ற பெயரையே கையாளுகிறேன்.

அளவு கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. அதை விளக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த லுட்விக் போல்ட்ஸ்மான். அவர் சொன்னதைத் தாய விளையாட்டைக் கொண்டே விளக்கிவிடலாம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி, நான்கு கொட்டைகளை உருட்டுகிறோம். விழக்கூடிய முறைகள் மொத்தம் 16. அவற்றுள் நான்கும் வெள்ளையாக விழுவதற்கு ஒரே முறை. இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு என்று விழுவதற்கு 6 முறைகள். ஆகவேதான் பின்னது அடிக்கடி விழுகிறது. கொட்டைக்குக் கறுப்பின் மேல் ஆசையோ வெள்ளையின் மேல் வெறுப்போ கிடையாது. கொட்டைகளின் எண்ணிக்கையை 100 ஆக்குங்கள். எல்லாம் வெள்ளையாக விழ அப்போதும் ஒரே முறைதான். சரிபாதியாக விழுவதற்கோ, 1-க்குப் பின் 29 சுழிகள் இட்டால் வரும் எண்ணளவு முறைகள் உள்ளன. ஒரு கூடை மணத்தில் உள்ள மூலக்கூறுகளோ 100 அல்ல, கோடானுகோடி. அவையெல்லாம் கூடைக்குள்ளேயே இருப்பதற்கான முறைகள் சில. பேருந்து முழுவதும் பரவியிருப்பதற்கான முறைகள் எண்ணித் தீராதவை. மணம் பரவுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே என்ட்ரோபி என்பது முறைகளின் எண்ணிக்கை. துல்லியமாகச் சொன்னால், அந்த எண்ணிக்கையின் மடக்கை. வியன்னாவில் போல்ட்ஸ்மானின் கல்லறையில் இந்தச் சமன்பாடுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. கெட்டுப்போவது, அழிவது, தரம் தாழ்வது என்ற பொருள் எதுவும் அதில் இல்லை.

இந்த எண்ணிக்கைக் கணக்கை விண்மீன்களுக்குப் பயன்படுத்தி உலகப் புகழ் பெற்றவர் நம் நாட்டவரான மேகநாத் சாகா. அவரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

டாக்கா மாவட்டத்தில் சியோராதலி என்ற கிராமத்தில், 1893-இல், ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும், வங்காளத்து மேல்சாதியினர் உடன் அமர்ந்து உண்ண மறுத்த சாதியைச் சேர்ந்தவர். அருகில் நடுநிலைப் பள்ளி இல்லாமையால், தொலைவிலிருந்த ஊரில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். அந்த வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்வதும் தன் எச்சில் தட்டைத் தானே கழுவுவதும் அதற்கு நிபந்தனை. 1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து இந்து விடுதியில் தங்கியபோது, உடன் பயின்ற மாணவர்கள் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். சரஸ்வதி பூசையின்போது மேடையருகே வரக்கூடாது என்றும் தடுத்தனர். கல்வித் தெய்வத்தின் முன்னால், கல்வியில் அவர்களை விஞ்சியவரைத்தான் விலக்கி நிறுத்தினர்!

அந்த இளைஞர் தம் 27-ஆம் வயதை எட்டுமுன், 1920-இல், சூரியனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சூரியனின் மேலடுக்கில், ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அணுக்கள் மிகுதியாகக் காணப்படுவது அப்போது ஒரு புதிர். கால்சியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 6 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் ஆற்றல் வேண்டும். 6,000 டிகிரி வெப்பத்தில் ஒரு துகளுக்குச் சராசரியாகக் கிடைப்பது 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. பிறகு எப்படிப் பிரிகிறது? சாகாவின் விடை என்ட்ரோபியில் இருந்தது. அணுவோடு கட்டுண்ட எலக்ட்ரானுக்கு இருக்கக்கூடிய நிலைகள் சில; விடுபட்ட எலக்ட்ரானுக்கு உள்ள நிலைகள் மிகப் பல. ஆற்றல் போதாதது போலத் தோன்றினாலும், வாய்ப்புகளின் பெருக்கம் விடுதலையின் பக்கம் தராசைச் சாய்க்கிறது. அழுத்தம் குறையக் குறைய, எலக்ட்ரானுக்கு உலவ இடம் பெருகுகிறது. ஆகவே உயர்ந்த, அழுத்தம் குறைந்த அடுக்கில் பிரிவு மிகுதி. இதைச் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார். சாகா சமன்பாடு என்று உலகெங்கும் வழங்குவது அதுவே. 1925-இல் சிசிலியா பெய்ன் என்ற பெண்மணி, இதே சமன்பாட்டைக் கொண்டு, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன் என்று கண்டறிந்தார். அக்காலத்துப் பெரியவர்கள் முதலில் ஏற்க மறுத்தனர், பிறகு ஏற்றனர். சாகா 1952-இல் சுயேச்சையாக நின்று நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார், 1956-இல் மறைந்தார்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த 'ஒழுங்கு' வாதத்துக்கு வருவோம். என்ட்ரோபி ஒருபோதும் குறையாது என்ற விதி, வெளியிலிருந்து எதுவும் வராத, வெளியே எதுவும் போகாத தனிமைப்பட்ட அமைப்புக்கு மட்டும் உரியது. பூமி அத்தகையது அன்று. சூரியனிடமிருந்து பகலெல்லாம் பெறும் ஆற்றலை ஏறத்தாழ முழுவதும் பூமி விண்வெளிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. வருவதும் போவதும் சமமென்றால் நமக்கு என்ன ஆதாயம்? வருவது செறிந்த ஒளி. போவது சிதறிய வெப்பம். வந்த ஒளித்துகள் ஒன்றுக்கு ஏறத்தாழ இருபது வெப்பத்துகள்களை வெளியே அனுப்புகிறோம். இந்த வேறுபாட்டில்தான் வேப்பமரம் தழைக்கிறது, கம்பு கதிர் பிடிக்கிறது, பிள்ளை வளர்கிறது. உயிர் என்பது தன் சூழலில் என்ட்ரோபியைக் கொட்டித் தன் ஒழுங்கைக் காத்துக்கொள்வது என்பதை ஷ்ரோடிங்கர் 1944-இல் ஒரு சிறு நூலில் விளக்கினார். ஆகவே, 'எல்லாம் கெட்டே தீரும்' என்பது இந்தப் பூமிக்கும் இதன் மேல் வாழும் சமுதாயத்துக்கும் அறிவியல் விதித்த விதி அன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இன்ன தெருவில் இன்னார், இன்ன கிணற்றில் இன்னார், தேநீர்க் கடையில் இன்ன குவளை இன்னார்க்கு என்று வகுத்திருந்த ஊர், இயற்பியல் கண்கொண்டு பார்த்தால், மிகக் குறைந்த முறைகளே அனுமதிக்கப்பட்ட அமைப்பு. குளிர்பதனப் பெட்டியின் உட்புறம் போன்றது. மின்சாரத்தை நிறுத்தினால் பெட்டிக்குள் குளிர் நிற்காது. அதுபோல அந்த ஒழுங்கும் தானாக நின்றதில்லை. அபராதம், ஊர்விலக்கு, அடி, தீ என்று இடைவிடாமல் செலவிட்டே அதை நிறுத்தி வைத்தனர். இயற்கையானது என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு இவ்வளவு காவல் எதற்கு? இது ஒப்புமையே அன்றி நிரூபணம் அன்று; மனிதர் மூலக்கூறுகள் அல்லர். ஆனால் எதிர்வாதம் செய்வோர் எடுத்த ஒப்புமையும் இதே தரத்தது, இதைவிடப் பிழையானது என்பதைக் காட்டவே சொன்னேன்.

ஒப்புமையை விட்டு உறுதியான கணக்குக்கு வருவோம். 1948-இல் அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன், செய்திகளை அளக்க ஒரு சூத்திரம் கண்டார். அது போல்ட்ஸ்மானின் சூத்திரத்தின் வடிவிலேயே அமைந்தது. அதற்கும் என்ட்ரோபி என்றே பெயர் வந்தது. அது அளப்பது நிச்சயமின்மையை. நாணயம் சுண்டினால் விடை தெரியாது. அதன் என்ட்ரோபி 1 பிட். இரண்டு பக்கமும் தலை உள்ள நாணயத்தைச் சுண்டினால் விடை முன்பே தெரியும், என்ட்ரோபி சுழி. உங்கள் கைப்பேசியில் ஒரு படத்தைச் சுருக்கி அனுப்ப முடிவது இந்தக் கணக்கினால்தான்.

மொழியிலும் இது உண்டு. 'ங்' என்ற எழுத்தைக் கண்டால், அடுத்து வருவது ககர வரிசை என்று நாம் ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். இங்ஙனம், அங்ஙனம் போன்ற சில சொற்களே விலக்கு. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பதைத் தொல்காப்பியர் மெய்ம்மயக்கம் என்று வகுத்தே வைத்தார். ஓர் எழுத்து தெரிந்தபின் அடுத்த எழுத்தைப் பற்றி எஞ்சும் ஐயத்தின் அளவுக்கு நிபந்தனை என்ட்ரோபி என்று பெயர். 'ங்'குக்குப் பின் அது சுழியை ஒட்டியது. 'அ'வுக்குப் பின் மிகுதி. இந்த அளவைச் சிந்துவெளி முத்திரைகளுக்கும் பயன்படுத்தினர். ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட குறியீட்டுத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, ராஜேஷ் ராவ், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரணஜய் அதிகாரி, மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தினர், மகாதேவன் ஆகியோர் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிந்துக் குறியீடுகளின் வரிசை, கண்டபடி கலைத்துப் போட்டதும் அன்று, முழுக்க இறுகியதும் அன்று. பழந்தமிழ், சுமேரியம் முதலிய மொழிகளின் எல்லைக்குள் அது விழுகிறது என்றனர். இந்த ஓர் எண்ணைக் கொண்டே அதை எழுத்து என்று முடிவு கட்ட முடியாது என மறுத்தோரும் உண்டு. மறுப்பில் நியாயம் இருக்கிறது. அது என்ன மொழி என்று இந்தக் கணக்கு சொல்லவே இல்லை. மேடைகளில் சிலர் சொல்வதுபோல் எல்லாம் தீர்ந்துவிடவில்லை.

உயிரியலாரும் ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள், எவ்வளவு சமமாகக் கலந்துள்ளன என்பதை ஷானன் சூத்திரத்தால் அளக்கின்றனர். நம் கரிசலில் ஒரே பயிர் இட்ட நிலத்துக்கு மதிப்பு சுழி. சோளமும் உளுந்தும் துவரையும் கலந்த நிலத்துக்கு மதிப்பு ஏறும். இந்தியப் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ் 1982-இல் இதை மேலும் விரிவாக்கினார். அதற்குள் இப்போது போக வேண்டாம்.

அந்த நிபந்தனை என்ட்ரோபியை நம் வாழ்க்கைக்குக் கொண்டுவருகிறேன். முன்னெழுத்துக்குப் பதில் தகப்பன் தொழில். பின்னெழுத்துக்குப் பதில் பிள்ளையின் தொழில். இது ஒப்புமை அன்று, அதே கணக்கு. தகப்பன் தொழிலைச் சொன்ன உடனே பிள்ளையின் தொழிலைச் சொல்லிவிடலாம் என்றால், அந்த ஊரின் நிபந்தனை என்ட்ரோபி சுழி. ஒருவனுடைய திறமையைப் பாராமல், பெற்றோர் நிலையைப் பார்த்து முன்கூட்டியே தொழிலை ஒதுக்குவதே சாதி முறையின் வேலை என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எடுத்துக்காட்டினார். ஷானன் சூத்திரம் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னால் சொன்னது அது. அந்தக் கருத்தை எண்ணால் அளக்கும் கருவி இன்று நம் கையில் உள்ளது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. கூலி வேலை செய்த தந்தையரின் பிள்ளைகள் 16 பேர். அவருள் 8 பேர் கூலி, 4 பேர் தறி, 2 பேர் ஆசிரியர், 2 பேர் அரசு அலுவலர். ஒவ்வொரு பங்கையும் அதன் மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் 1.75 பிட் வருகிறது. 16 பேரும் கூலியே என்றால் சுழி. நான்கு தொழில்களிலும் சமமாகப் பிரிந்திருந்தால் 2 பிட். மடக்கை அட்டவணையில் பத்தின் அடிமானத்தில் உள்ள எண்ணை 0.3010 ஆல் வகுத்தால் இரண்டின் அடிமானம் கிடைக்கும். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு மாலையில் முடித்துவிடுவாள்.

ஓர் எச்சரிக்கை. கூலிக்காரர் பிள்ளைகளுள் ஒருவர் தீப்பெட்டி ஆலைக்கும், ஒருவர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும், ஒருவர் கேரளத்துக் கட்டட வேலைக்கும் போனால் இந்த எண் உயரும், வாழ்வு உயர்ந்ததாகாது. எத்தனை வாசல்கள் திறந்தன என்பதையே இது சொல்லும். வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே ஊதியத்தையும் படிப்பையும் தனிப் பத்தியில் குறிக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். நம் உறுப்பினர் வீடுகளில் நூறு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டனார் தொழில், தந்தை தொழில், தாய் தொழில், பிள்ளைகளின் தொழில் என்று ஒரு நோட்டுப்புத்தகத்தில் கோடு போட்டு எழுதுங்கள். மகள்களை விட்டுவிடாதீர்கள், அவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும். பெயர்களை எழுத வேண்டாம், வீட்டுக்கு ஓர் எண் போதும். கழகம் தோன்றுவதற்கு முன் பள்ளிப் பருவம் முடித்தவர்களை ஒரு பட்டியலாகவும், பின் முடித்தவர்களை ஒரு பட்டியலாகவும் பிரியுங்கள். கழகத்தோடு தொடர்பில்லாத நூறு வீடுகளையும் அதேபோல் எடுத்து ஒப்பிட்டால்தான், மாற்றத்தில் இடஒதுக்கீட்டின் பங்கும் சாலை, பேருந்து வசதிகளின் பங்கும் எவ்வளவு, கழகத்தின் பங்கு எவ்வளவு என்பது ஓரளவு புலப்படும். முடிவில் வரும் எண்களை அடுத்த ஆண்டறிக்கையில் அச்சிடும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எண் உயராமல் இருந்தாலும் அச்சிட வேண்டும்; எந்தத் தந்தையரின் வரிசையில் சுழி விழுந்திருக்கிறதோ, அந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் முதல் இடம் தரவேண்டும்.

கணக்கிடும் முறையில் ஐயம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்தபின் மேடையருகே வாருங்கள். புளியங்கொட்டைகளும் மடக்கை அட்டவணையும் கொண்டுவந்திருக்கிறேன்.